வலிக்காத விரல்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நான் சுகமாக இருக்கிறேன். அப்பா சுகமாகிக்கொண்டு வருகிறார். இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போய், உடம்பை ஒழுங்காக வைத்துக்கொண்டிருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். நான் போனை எடுத்தால் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, எந்தச் சொல் வெளியே வருகிறது என்று என் வாயையே பார்க்கிறார். நீயும் நடுவில் நூறு கேள்வி கேட்பாய், நான் பாதியில் நிறுத்திவிடுவேன். ஒரு விஷயத்தை முதலிலிருந்து கடைசிவரை சொல்ல வேண்டுமென்றால் எனக்கு எழுதத்தான் வரும், உனக்கே தெரியும். கதைப் புத்தகத்தை எடுத்தாலும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பாய் என்பதால் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அப்பாவின் இடது காலில் சுண்டுவிரல் இப்போது இல்லை, ஆப்பரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். கால் இருக்கிறது. புண் ஆறி வருகிறது. உன்னிடம் சின்னக் காயம் என்று சொன்னது இதைத்தான். இன்னொன்று, போன வாரம் நீ அப்பாவிடம் பழுப்பு நிறத்தில் இன்னொரு ஜோடி ஷூ, அதே எட்டாம் நம்பர், ஆர்டர் போட்டிருப்பதாகச் சொன்னாயாமே, அதை இன்றைக்கே ரத்து செய்துவிடு. ஏன் வேண்டாம் என்று சொல்லவில்லை என்று அவரைக் கேட்டேன். "வேண்டாம்னா புள்ள முகம் வாடிடும், வரட்டும், அலமாரில வச்சுக்கலாம்" என்றார். முகம் வாடுவது போனில் எப்படித் தெரியும் என்று கேட்டதற்குப் பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டார்.

நீ பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அப்பாவுக்குச் சுகர் என்று கண்டுபிடித்தாயிற்று. அதற்கு அவர் மாத்திரை சாப்பிடுவதும் உனக்குத் தெரியும். ரத்தப் பரிசோதனை என்று நாள் குறித்தவுடன் அவர் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி ஆகிவிடுவதும் உனக்குத் தெரியும், நீதான் அதற்கு 'ரிவிஷன்' என்று பெயர் வைத்தாய். அந்தச் சில நாட்கள் மட்டும் நடைப்பயிற்சி, சர்க்கரை இல்லாத டீ, பிஸ்கட் டப்பா என் பொறுப்பில். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிட்டு வருவார், ரிசல்ட் சுமாராக இருக்கும், தெருமுனை டாக்டர் தாளைப் பார்த்து "கன்ட்ரோல்ல இருக்கு" என்பார், அன்று சாயங்காலமே டப்பா அவர் கைக்குத் திரும்பிவிடும். ஒவ்வொரு தடவையும் நான் சொல்வேன், எங்கள் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்திலிருந்து சாம்பிள் எடுக்க வரப்போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் எல்லாக் குழாயிலும் நல்ல தண்ணீர்தான் வரும், நீங்கள் கொடுப்பது அந்த மாதிரி சாம்பிள் என்று. "லேப் அம்மா ஆரம்பிச்சுட்டாங்க" என்பார், நீயும் சேர்ந்து சிரிப்பாய். மூன்று மாதத்துச் சராசரியைக் காட்டுகிற பரிசோதனை ஒன்று இருக்கிறது, அதில் ரிவிஷன் பலிக்காது. அதைச் செய்யலாமா என்று டாக்டரிடம் நானே கேட்டேன். செய்யலாம், அவசியமில்லை என்றார். நல்ல மனிதர்தான், குறை சொல்ல மாட்டேன், ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட அவர் அப்பாவிடம் ஷூவைக் கழற்றுங்கள் என்று சொன்னதில்லை. செருப்புக் கடையில் காலை முதல் மாலை வரை மற்றவர்களை ஷூவைக் கழற்றச் சொல்வதையே வேலையாக வைத்திருக்கிற அப்பாவும், தானாகக் கழற்றிக் காட்டியதில்லை.

கேள்வி கேட்காமல் இல்லை. கால் மரத்துப்போகுதா என்று டாக்டர் எப்போதாவது கேட்பார், இல்லை என்பார் அப்பா. அவர் பொய் சொல்லவில்லை என்பது எனக்கு இப்போதுதான் புரிகிறது. அவருக்கு மரத்துப்போவது என்றால் காலை மடக்கி உட்கார்ந்துவிட்டு எழுந்தால் ஊசி ஊசியாகக் குத்துமே, அது. அப்படி எதுவும் அவருக்குக் குத்தவே இல்லை. எறும்பு ஊர்ற மாதிரி இருக்குமா என்று கேட்டதற்கு, வீட்டில் எறும்பு மருந்து போட்டாயிற்று டாக்டர் என்று சொல்லி அந்த அறையையே சிரிக்க வைத்தார். ஒரு சாயங்காலம் ஒரு காலில் மட்டும் செருப்போடு கடையிலிருந்து வந்து நின்றாரே, ஞாபகம் இருக்கிறதா? இன்னொன்று வழியில் எங்கேயோ கழன்று விழுந்திருக்கிறது, அவருக்குத் தெரியவே இல்லை. யோசனையிலேயே நடக்கிறார் என்று நாம் கேலி செய்தோம். அதற்குப் பிறகுதான் அவர் சைஸைக் குறைக்க ஆரம்பித்திருக்கிறார். ஒன்பதாம் நம்பர் போட்டால் போட்ட மாதிரியே இல்லையாம், காலில் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கிறதாம். "இறுக்கிப் பிடிச்சாத்தாம்மா ஷூன்னு ஒண்ணு கால்ல இருக்கறதே தெரியுது" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார், செருப்புக் கடைக்காரர் சொன்னால் சரியாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். நீ முதல் சம்பளத்தில் ஷூ வாங்கி அனுப்பப் போகிறேன் என்றபோது எட்டு என்றார். ஒன்பதுதானேப்பா என்று நீ கேட்டாய். அதற்கு அவர் சொன்னது என் காதில் இப்போதும் இருக்கிறது, "வயசானா கால் சுருங்கும்டா." வயதானால் கால் அகலமாகும், நீளும் என்று கடைக்கு வருகிற எல்லாருக்கும் சொல்லி ஒரு சைஸ் பெரியதாக விற்கிறவர் அவர்தான்.

நீ அனுப்பிய ஷூவை அவர் கழற்றவே இல்லை. கடையில் எல்லாருக்கும் காட்டினார், பொண்ணு அனுப்பினது என்று. நல்ல கனமான தோல், கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது குளியலறை வாசலில் பழுப்பாக ஒரு கறை, கொஞ்சம் தள்ளி இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. டீ சிந்திவிட்டது என்று நினைத்தேன். டீ இப்படிச் சீரான இடைவெளியில் சிந்தாது. துடைத்துக்கொண்டே போனால் கறை கட்டில்வரை போயிற்று, கட்டிலில் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். காலைத் தூக்குங்கள் என்றேன், தரை துடைப்பதற்காக என்று நினைத்துத் தூக்கினார். இடது சுண்டுவிரலின் வெளிப்பக்கம், விரல் பாதத்தோடு சேரும் இடத்தில், தோல் காய்த்து, காய்ப்புக்கு நடுவில் ஒரு பொத்தான் அளவுக்குக் குழி. அதிலிருந்துதான் கசிந்திருக்கிறது. நான் விரலால் தொட்டேன், அவர் பேப்பரைத் திருப்பினார். "என்ன பாக்கற, அழுக்கா?" என்றார். இது புண் என்றேன். குனிந்து பார்த்துவிட்டு, "வலிக்கவே இல்லையே" என்றார். அதைச் சந்தோஷமாகச் சொன்னார் பாப்பா. நல்ல செய்தி சொல்வது போல.

தெருமுனை டாக்டர் கழுவிக் கட்டி ஆன்டிபயாடிக் கொடுத்தார், ஆறிடும் என்றார். புண்ணின் வாய் மட்டும் சுருங்கியது, உள்ளே ஆறவில்லை. சுண்டுவிரல் உருண்டு பருத்துச் சிவந்துகொண்டே வந்தது. இதற்குள் அத்தை வந்துவிட்டாள். தம்பிக்கு ஒன்று என்றால் அவளுக்குத் தாங்காது, அதில் எனக்கு அவள்மேல் மரியாதைதான், ஆனால் அவள் வந்தால் வீட்டில் ஒரு டாக்டர் கூடிவிடுவார். "இதுக்கெல்லாம் பெரிய ஆஸ்பத்திரி எதுக்கு, நல்லெண்ணெய் தடவினா தானா வத்திடும்" என்றாள். எண்ணெய் எந்தக் கிருமியைக் கொல்லும் என்று கேட்டேன். "படிச்சவ கிட்ட பேச முடியாதுப்பா" என்று அப்பாவைப் பார்த்துச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் லீவு போட்டுவிட்டு அப்பாவைப் பெரிய ஆஸ்பத்திரியில் சர்க்கரை நோயாளிகளின் காலுக்கென்றே இருக்கிற பிரிவுக்கு அழைத்துப் போனேன். அங்கே காத்திருக்கிற எல்லாருக்கும் ஒரு கால் வெளியே நீட்டியிருக்கும், பெஞ்சுக்கு நடுவில் தாண்டித் தாண்டித்தான் போக வேண்டும். அப்பா வழக்கம்போல ஒவ்வொரு காலாகப் பார்த்து, இவர் ஏழு, அவர் பத்து அகலம் என்று என் காதில் சொல்லிக்கொண்டு வந்தார். டாக்டர் ஒரு பெண், என்னைவிடச் சின்னவள், முதலில் ரிப்போர்ட்டைக் கேட்கவில்லை, ரெண்டு ஷூவையும் கழட்டுங்க சார் என்றாள்.

மீன் பிடிக்கிற தூண்டில் நூல் மாதிரி ஒரு நைலான் இழை வைத்திருந்தாள். அதன் நுனியால் பாதத்தில் லேசாக, இழை வளைகிற அளவுக்கு மட்டும் தொடுவாள், தொட்டது தெரிந்தால் சொல்ல வேண்டும். முதலில் அவர் கையில் தொட்டுக் காட்டினாள், சிலிர்த்துக்கொண்டார். பிறகு கண்ணை மூடச் சொல்லிவிட்டுக் காலுக்குப் போனாள். அப்பா "இப்ப" என்றார். கொஞ்சம் கழித்து "இப்ப" என்றார். அப்புறம் "இப்ப, சுண்டுவிரல்ல" என்றார், விரல் பெயரோடு. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர் இப்ப என்று சொன்னபோதெல்லாம் இழை அந்தரத்தில் இருந்தது. அவள் தொட்டபோதெல்லாம் அவர் பேசாமல் இருந்தார். முழு மதிப்பெண் வாங்க வேண்டும் என்று எப்போது தொடுவாள் என்பதை அனுமானித்துச் சொல்லியிருக்கிறார். கண்ணைத் திறந்ததும் என்னைப் பார்த்து, எப்படி என்கிற மாதிரி புருவத்தைத் தூக்கினார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை, சுவரில் இருந்த காலின் படத்தைப் பார்த்தேன். கட்டைவிரல் எலும்பின்மேல் தட்டினால் அதிர்கிற இசைக்கவை ஒன்றைத் தட்டி வைத்து அதிர்வு தெரிகிறதா என்று பார்த்தாள், அதுவும் தெரியவில்லை. பிறகு மழுங்கிய நுனியுள்ள ஒரு மெல்லிய கம்பியைப் புண்ணுக்குள் விட்டாள். கொஞ்ச தூரம் போய் எதிலோ தட்டி நின்றது, கல்லில் கரண்டி தட்டுகிற மாதிரி. எலும்பு என்றாள். அப்போதும் அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

எக்ஸ்ரேயில் அந்த விரலின் அடி எலும்பு ஓரம் அரித்த மாதிரி இருந்தது, மூட்டுக்குள்ளும் கிருமி போய்விட்டது. மூன்று மாதச் சராசரி பத்தைத் தாண்டியிருந்தது, ஏழுக்குள் வைத்திருந்தால் நல்லது என்றாள். சிறுநீரில் புரதம் போக ஆரம்பித்திருக்கிறது, கிட்னிக்கு இது முதல் எச்சரிக்கை. கண்ணைப் படம் எடுத்ததில் விழித்திரையில் சின்னச் சின்ன ரத்தப் புள்ளிகள். ஒரே ஒரு நல்ல செய்தி, காலுக்கு ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது. ஒரு கருவியைக் கணுக்காலில் வைத்து அந்தச் சத்தத்தை எங்களுக்குக் கேட்கவிட்டாள், காற்று வீசுகிற மாதிரி உஸ் உஸ் என்று. ரத்தம் போவதால் வெட்டிய இடம் ஆறும், அதனால் இந்த விரலையும் அதன் அடி எலும்பையும் இப்போதே எடுத்துவிட்டால் பாதத்தைக் காப்பாற்றிவிடலாம், தாமதித்தால் எங்கே நிறுத்துவது என்பதைக் கிருமிதான் முடிவு செய்யும் என்றாள். எனக்கு யார் சொன்னாலும் உடனே நம்புகிற பழக்கம் இல்லை. மருந்திலேயே சரியாகாதா என்று கேட்டேன். சிலருக்கு ஆகும், எலும்பு மேலோட்டமாகப் பாதித்திருந்தால் பல வாரம் மருந்து கொடுத்துப் பார்ப்போம், இவருக்கு மூட்டே திறந்துவிட்டது, எனக்கு நம்பிக்கை இல்லை என்றாள். தெரியாததைத் தெரியாது என்றும் சொன்னாள், இன்னொரு டாக்டரிடம் காட்ட வேண்டுமென்றால் படங்களைத் தருகிறேன் என்றும் சொன்னாள். அதனால்தான் அவளை நம்பினேன்.

அப்பா நம்பவில்லை. கோபப்படவும் இல்லை, கடையில் பேரம் பேசுகிறவரிடம் சொல்வது போலப் பொறுமையாகச் சொன்னார். "வலிக்கற பல்லைப் புடுங்கச் சொன்னா நியாயம் டாக்டர். வலிக்காத விரலை வெட்டக் குடுக்க நான் என்ன பைத்தியமா?" அதற்கு அவள், "வலிச்சிருந்தா நீங்க அன்னைக்கே என்கிட்ட வந்திருப்பீங்க சார், விரலும் இருந்திருக்கும். வலிக்காததுதான் உங்க வியாதி" என்றாள். அவருக்கு அது ஏறவில்லை. வீட்டுக்குப் போகிறேன் என்று பிடிவாதம். அவள் திட்டவில்லை, மருந்தை மாற்றி, இன்சுலின் ஆரம்பித்து, பேனாவால் சிவப்பு எதுவரை இருக்கிறதோ அதைச் சுற்றிப் பாதத்தில் ஒரு கோடு போட்டாள். சிவப்பு இந்தக் கோட்டைத் தாண்டினால், அல்லது காய்ச்சல் வந்தால், நேரம் காலம் பார்க்காமல் வந்துவிடுங்கள் என்று என்னிடம் சொன்னாள், அவரிடம் சொல்லவில்லை. வீட்டில் அத்தைக்கு வெற்றி. "கத்தி வச்சிருக்கறவங்க வெட்டத்தான் சொல்வாங்க, ஊசி வச்சிருக்கறவங்க குத்தத்தான் சொல்வாங்க, நீ கவலைப்படாதடா தம்பி" என்றாள். இன்சுலின் போட்டால் அதுவே பழகிவிடும், அது கடைசிக் கட்டத்துக்காரர்களுக்கு என்றும் சொன்னாள். கடைசிக் கட்டத்துக்குப் போகாமல் இருக்கத்தான் அது என்று நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை. அப்பா என் முன்னால் எழுந்து நின்று, இடது காலால் தரையை ஓங்கி ஓங்கி மிதித்துக் காட்டினார், பார், ஒன்றும் இல்லை என்று. அதைப் பார்த்துப் பயந்ததுபோல நான் என் வாழ்க்கையில் பயந்ததில்லை. நிறுத்துங்க என்று கத்திவிட்டேன். நான் கத்தி நீ கேட்டிருக்க மாட்டாய், அத்தையும் கேட்டதில்லை, அதன்பிறகு அவள் அவ்வளவாகப் பேசவில்லை.

கோட்டைப் பார்ப்பது என் வேலையாயிற்று. அலுவலகம் போகுமுன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை. முதலில் கோட்டுக்கு உள்ளேயே இருந்தது. பிறகு ஒரு காலையில் சிவப்பு கோட்டைத் தொட்டிருந்தது, நான் சந்தேகப்பட்டு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன், என் கண் காட்டுவதை நான் நம்பவில்லை. மத்தியானம் மனம் கேட்காமல் சீக்கிரமே வந்து பார்த்தபோது அது கோட்டைக் கடந்து பாதத்தின் மேல்புறம் பாதிவரை வந்திருந்தது, உடம்பு சுட்டது. அப்பா டீவி பார்த்துக்கொண்டு, லேசா குளிருது, மழை வரும் போல என்றார். அத்தைதான் ஓடிப்போய் வண்டி பிடித்தாள், அதை மறக்காமல் எழுத வேண்டும். ஆஸ்பத்திரியில் ஊசி, சொட்டு மருந்து எல்லாம் ஏற்றிய பிறகும் ஆப்பரேஷனுக்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். காய்ச்சல்தானே, இறங்கிடும் என்கிறார். அந்த டாக்டர் கட்டிலருகில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். எந்த ஷூ போட்டிருந்தீங்க சார், இருந்தா காட்டுங்க என்றாள். நான் பையில் கொண்டு போயிருந்தேன். வலது காலை, அந்த நல்ல காலை, தரையில் விரித்த வெள்ளைத்தாளில் ஊன்றச் சொன்னாள், சுற்றிப் பேனாவால் வரைந்தாள், காலை எடுக்கச் சொல்லிவிட்டு வரைந்த படத்தின்மேல் வலது ஷூவை வைத்தாள். ஷூவைச் சுற்றி எல்லாப் பக்கமும் கோடு வெளியே தெரிந்தது, சுண்டுவிரல் பக்கம் விரலின் பாதியே வெளியில். அப்பா கட்டிலிலிருந்து குனிந்து பார்த்தார். பார்த்ததும் அவர் முகம் மாறியது. கடையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களைத் திட்டுவாரே, அந்தக் குரலில், "இந்தக் காலுக்கு இந்த சைஸை யாருய்யா குடுத்தது?" என்றார்.

டாக்டர் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா தாளைக் கையில் எடுத்து, தூரத்தில் பிடித்து, கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார். ஷூவின் உள்ளே கையை விட்டு, ஓரத்தைத் தடவி, தோல் எங்கே புடைத்திருக்கிறது என்று பார்த்தார். "இதைப் போட்டுக்கிட்டு நான் எப்படி நின்னேன்" என்றார், என்னிடமும் இல்லை, டாக்டரிடமும் இல்லை. கடைக்கு இந்த மாதிரி இறுக்கத்தோடு ஒருவர் வந்தால் உட்கார்ந்த இடத்திலேயே ஐயோ என்று துள்ளுவார் என்று அவருக்குத் தெரியும். தான் துள்ளவில்லை என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. ஷூவைக் கீழே வைத்துவிட்டு, கையெழுத்து எங்க போடணும் என்று கேட்டார், டாக்டர் சம்மதப் படிவத்தை நீட்டி இடத்தைக் காட்டினாள். ஆப்பரேஷனுக்குத் தள்ளுவண்டியில் அழைத்துக்கொண்டு போகும்போது என் கையைப் பிடித்து, ஷூ விஷயத்தைப் பாப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதே என்றார். நான் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. விரலையும் அடி எலும்பையும் எடுத்தார்கள், பக்கத்து எலும்பு சுத்தமாக இருந்தது, அங்கேயே நிறுத்திக்கொண்டார்கள். இன்னும் தாமதித்திருந்தால் எதுவரை போயிருக்கும் என்று டாக்டரிடம் கேட்டேன், தன் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே கையை வைத்துக் காட்டினாள்.

இப்போது வீட்டில்தான் இருக்கிறார். காலுக்கென்று செய்துகொடுத்த, முன்பக்கம் திறந்த ஒரு செருப்பு, பார்ப்பதற்குப் படகு மாதிரி, இதை என் கடையில் வைத்தால் ஈ ஓட்ட வேண்டியதுதான் என்கிறார். இன்சுலின் அவரே போட்டுக்கொள்கிறார், அத்தைக்கே செய்து காட்டி விளக்கம் கொடுக்கிறார். நடுவில் ஒருநாள் சாப்பிடத் தாமதமாகிச் சுகர் இறங்கி வியர்த்துப்போய்விட்டது, அதிலிருந்து சட்டைப் பையில் எப்போதும் மிட்டாய் உண்டு, அதைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறாரே தவிர சாப்பிடவில்லை என்று நம்புகிறேன். கிட்னிக்காக ஒரு மாத்திரை சேர்த்திருக்கிறார்கள், கண்ணை இனிமேல் விடாமல் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். சராசரி இறங்க ஆரம்பித்திருக்கிறது, ஆனால் அதை வைத்து நான் சந்தோஷப்பட மாட்டேன், அடுத்த தடவையும் அதற்கடுத்த தடவையும் பார்க்க வேண்டும். கடை முதலாளி வந்து பார்த்துவிட்டுப் போனார், திரும்ப வந்தால் உட்கார்ந்தே பார்க்கிற வேலை தருகிறேன் என்றார், அப்பாவுக்கு அது பிடிக்கவில்லை, உட்கார்ந்துக்கிட்டு ஷூ விற்கறதா என்று முணுமுணுத்தார். இன்னொரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கால் இப்படி ஆனவருக்கு மறுபடி ஆவது சுலபம் என்கிறாள் டாக்டர், இந்தக் காலிலோ மற்றக் காலிலோ. போன நரம்பு திரும்பி வராது. புண் ஆறினாலும் இது முடிந்துவிட்ட விஷயம் இல்லை.

இனி உன்னைப் பற்றி. இதைப் படித்ததும் நீ என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியும். நீ அவர் கேட்ட சைஸை வாங்கினாய், ஒன்பதுதானே என்று ஒரு தடவை திருப்பியும் கேட்டாய். அதற்குமேல் அங்கிருந்துகொண்டு உன்னால் செய்திருக்க முடியாது. இது ஆறுதலுக்காகச் சொல்வதல்ல, நடந்தது அது. ஆனாலும் உனக்கு உறுத்தும், சில நாள் தூக்கம் வராது. அதைத் தடுக்கத்தான் அப்பா சொல்லாதே என்றார். நான் யோசித்துப் பார்த்தேன் பாப்பா. உனக்கு உறுத்தக் கூடாது என்று மறைத்தால் அந்தப் பழுப்பு ஷூ வந்து சேரும், உனக்காக அவர் அதை ஒருநாளாவது போட்டுப் பார்ப்பார், அவர் அப்படிப்பட்டவர். எழுதப்போகிறேன் என்று இன்று காலை அவரிடம் சொன்னேன். சட்டைப் பையிலிருந்த மிட்டாயைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "அழ வச்சிடாதே" என்றார். அழுதால் அழுதுகொள். லீவு எடுத்து ஓடி வராதே, இங்கே இப்போது செய்ய வேண்டியதெல்லாம் காத்திருப்பதுதான், அதற்கு நானும் அத்தையும் போதும். வருஷக் கடைசியில் எப்போதும்போல வா. அப்பாவுக்கு இருப்பதால் நீயும் வருஷத்துக்கு ஒரு தடவை ரத்தம் கொடுத்துப் பார்த்துக்கொள், ரிவிஷன் எதுவும் செய்யாமல் போ.

ஒன்றை மட்டும் மறக்காதே. போனை எடுத்ததும் நீ எப்படிப்பா இருக்கீங்க என்று கேட்கிறாய், ஜம்முனு இருக்கேன் என்கிறார். அவர் பொய் சொல்வதில்லை, தனக்குத் தெரிகிறதைச் சொல்கிறார், அவர் கால் எப்படி இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது, இனிமேலும் தெரியப்போவதில்லை. அதனால் அப்படிக் கேட்பதை விட்டுவிடு. இன்னைக்கு உங்க பாதத்தை யாருப்பா பாத்தாங்க என்று கேள். அம்மா பாத்தா என்றால், அம்மாகிட்ட குடுங்க என்று சொல். பார்த்ததை நான் சொல்கிறேன். நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்பேன், இல்லையென்றால் இல்லை என்றுதான் சொல்வேன், அதைக் கேட்டுக்கொள்ள இப்போதிருந்தே மனதைப் பழக்கிக்கொள்.

நோய்நொடி இல்லாமல், தைரியத்தோடு, நீண்ட நாள் நன்றாக இரு.

உன் அம்மா